டீசல் தூக்கி வந்த மயில்

என் சாமிக்கு,

சௌமியா கல்யாணம் முடிந்துவிட்டது. உன் பெரியப்பா வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலை இன்று காலையில்தான் பிரித்தார்கள். நீ வரவில்லை. வருவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நீ இருக்கிற சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் ரிக் வண்டி பூமியைத் துளைக்கும் சத்தத்தில் நான் சொல்வதில் பாதி உன் காதில் விழுவதில்லை. மீதியை நீ காதில் போட்டுக்கொள்வதில்லை. "செரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் கேம்புக்கு அரிசியும் குழாயும் ஏற்றிக்கொண்டு வருகிற லாரி டிரைவர் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அதை மட்டும் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாது. அதனால் நடந்ததை எல்லாம் வரிசையாகவே சொல்கிறேன். பாதி உனக்கு நடந்ததுதான். ஆனால் நீ வனத்துறை ஜீப்பில் ஏறிப் போன பிறகு இங்கே நடந்தவற்றை யாரும் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

நீ மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் சாயங்காலம் பையில் அந்தக் கறுப்பு நாய்க்குட்டியைப் போட்டு வண்டியில் கொண்டுவந்தாய். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கழிவு டீசல்ல முக்கி எடுத்தாப்பல இருக்குது" என்றார். அதுவே அதற்குப் பேராகிவிட்டது. லாப்ரடார் என்றால் பணக்கார வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும் நாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீதான் சொன்னாய், அதன் பிறவித் தொழில் வேறு என்று. வேட்டைக்காரன் சுட்டு வீழ்த்திய பறவை நாணலுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ விழுந்தால், இந்த நாய் போய்த் தேடி எடுத்து, ஒரு பல்கூடப் படாமல் கொண்டுவந்து எஜமான் கையில் வைக்குமாம். நம் நாட்டில் வேட்டையே குற்றம். அதனால் பறவைக்குப் பதிலாகப் பொம்மையை எறிந்து எடுத்துவரப் பழக்குகிறார்கள், அதற்குப் பெங்களூர் பக்கம் போட்டிகூட நடக்கிறது என்றாய். உன் அப்பா சிரித்தார். "சுடறதுக்குத் துப்பாக்கி இல்ல, உளுகறதுக்குப் பறவை இல்ல. இந்த நாய் எதைடா எடுத்தாரப் போவுது?" என்று கேட்டார். நீ முகம் வாடாமல், "கொடுக்கறதை எடுத்துட்டு வரும்ப்பா. அதுதான் அதோட சந்தோசம்" என்றாய். உன் வாயில் சந்தோசம் என்ற சொல்லைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதற்காகவே நான் அந்தக் குட்டிக்கு இடம் கொடுத்தேன்.

முதலில் கேன்வாஸ் துணியை உருளையாகச் சுருட்டித் தைத்துக் கொடுத்தேன். அதை டீசல் ஓடிப்போய் எடுத்துவந்து உன் கையில் வைக்கச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஆனால் ஒருநாள் நம் வீட்டுக் கோழி ஒன்று செத்துக் கிடந்தபோது அதை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தாய். அது கோழியைக் கவ்வி, தலையை இப்படியும் அப்படியும் உதறி, உட்கார்ந்து இறகைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டது. நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். துணி உருளை துணி உருளைதான், பறவை பறவைதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று போனில் எதையெதையோ பார்த்துவிட்டு வந்து என்னிடம் படம் வரைந்து காட்டினாய். நிஜப் பறவையின் கனம் இருக்க வேண்டும். உடம்பு மெத்தென்று இருக்க வேண்டும். கழுத்து தொளதொளவென்று தொங்க வேண்டும். தலை மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். நாய் அதை உதறினால் அந்தத் தலை சுழன்று வந்து அதன் மூஞ்சியிலேயே அடிக்கும், அப்புறம் உதறாது. நான் ரவிக்கை தைத்த கையால் வாத்துத் தைத்தேன். வயிற்றுக்குள் தேங்காய் நாரும் மணல் பொட்டலமும், தண்ணீரில் மிதப்பதற்குத் தெர்மகோலும். தலைக்கு வேப்பங்கட்டையைச் செதுக்கித் தந்தவர் உன் அப்பா. சிரித்த அதே மனிதர்தான். கடைசியாக, நம் வீட்டுக் கின்னிக்கோழியின் இறக்கைகளை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து இரண்டு பக்கமும் கட்டினோம். மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. செத்த பறவை ஒன்று படுத்துக் கிடப்பதுபோல் அவ்வளவு தத்ரூபமாக இருந்தது.

சௌமியா அப்போது காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். உன் பெரியப்பாவுக்கு அவள் ஒரே பெண். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வரப்புத்தான். அவள் ஏரிக்கரை நாணலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு பலகையை ஓங்கித் தட்டுவாள், துப்பாக்கிச் சத்தம் மாதிரி. தட்டிவிட்டுப் பொம்மையை வானத்தில் எறிவாள். டீசல் உன் கால் பக்கத்தில் உட்கார்ந்து உடம்பெல்லாம் நடுங்க அது விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீ "எடு" என்று சொல்லும்வரை அசையாது. சொன்னதும் தண்ணீருக்குள் பாயும். வாயில் வாத்தோடு நீந்திவந்து, உடம்பைக்கூட உதறாமல், நேராக உன் முன்னால் உட்கார்ந்து கையில் வைக்கும். ஒருநாள் சௌமியா வேடிக்கைக்காகக் கோழி முட்டை ஒன்றைப் புல்லில் வைத்துவிட்டு, "அண்ணா, இதை எடுத்தாரச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். அது முட்டையைத் தூக்கிவந்து உன் உள்ளங்கையில் வைத்தது. கீறல்கூட இல்லை. அந்த முட்டையை நான் அன்றைக்கே ஆம்லெட் போட்டுவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைத் திட்டினீர்கள். ஜேடர்பாளையத்துக்குக் கூட்டிப்போய்க் காவிரியில் ஓடுகிற தண்ணீரிலும் பழக்கினாய். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தானே அயர்லாந்து நாய்ப் பண்ணையிலிருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்? பாஸ்போர்ட் வந்த அன்று உன் அப்பா அதை வாங்கி, படிக்கத் தெரியாதவர் மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் வெறும் பக்கம்தான். இருந்தாலும் பார்த்தார்.

அந்த வருசம் மயில் தொல்லை உனக்கு நினைவிருக்கும். விதைத்த மக்காச்சோளத்தை முளைக்க விடுவதில்லை. கூட்டமாக வந்து வரிசை வரிசையாகக் கொத்திக்கொண்டு போய்விடும். நாம் கட்டிய பளபளா ரிப்பனுக்கு அவை பயப்படவே இல்லை. உன் பெரியப்பா மறுவிதைப்புப் போட்டார், அதுவும் போனது. "தேசியப் பறவைன்னா தேசமே வந்து சோறு போடட்டும். எங்காட்டுல எதுக்கு?" என்று கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஒருத்தர் பாடு பட்டு விதைத்ததை வேறொன்று தின்றுவிட்டுப் போகும்போது வயிறு எரியாதா?

அன்று விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நீ விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரோட்டோரத் தரிசில் டீசலோடு நின்றாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நீ எதையும் எறியவில்லை. "எடு" என்றும் சொல்லவில்லை. பெரியப்பாவின் மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் ஏதோ தடுமாறி விழுந்ததை டீசல்தான் பார்த்தது. அத்தனை மாதம் பழக்கியும் அன்றைக்கு ஒருதரம் அது உன் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்த் திரும்பிவந்தபோது அதன் வாயில் ஒரு பெண்மயில். அதற்கு உயிர் இருந்தது. ஒரு இறக்கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. டீசல் உன் முன்னால் உட்கார்ந்து, முட்டையை வைத்ததுபோலவே மயிலையும் உன் கையில் வைத்தது. உன் இன்னொரு கை, பழக்கதோசத்தில், டீசலின் தலையைத் தட்டிக்கொடுத்தது. ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு எவனோ ஒருவன் இவ்வளவையும் போனில் பிடித்துவிட்டான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவன் எடுத்தது அத்தோடு முடிந்துவிட்டது. அப்புறம் நீ மயிலை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா, தண்ணி, தண்ணி" என்று கத்தியது அதில் இல்லை. நான் சொம்போடு ஓடிவந்தது இல்லை. அதன் அலகுக்குள்ளிருந்து ஊதா நிறத்தில், பூச்சிக்குப் போடும் குருணை மருந்து ஒட்டிய சோளம் வழிந்ததும் இல்லை.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மயில் வேட்டைக்குப் பழக்கிய நாய் என்று மேலே எழுதியிருந்தார்களாம். வனத்துறை ஜீப் வந்தது. நீ ஒளிக்க எதுவும் இல்லை என்று வீட்டைத் திறந்துவிட்டாய். அதைப் பிற்பாடு உன் அப்பா தப்பு என்றார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் சாமான் அறைக்குள் போனார்கள். கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன நம் பொம்மைகள், கழுத்துத் தொங்கிப்போய், இறக்கை விரிந்து. அதிகாரி ஒரு பொம்மையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னம்மா?"

"பொம்மைங்க. நாயைப் பழக்கறதுக்கு நான் தெச்சதுங்க."

"எதுக்குப் பழக்கறதுக்கு?"

"எடுத்துட்டு வாரதுக்குங்க."

"எதை எடுத்துட்டு வர்றதுக்கு?"

டீசலைக் கொண்டுவந்த அன்று உன் அப்பா கேட்ட அதே கேள்வி. சிரிப்பதற்குத்தான் யாரும் இல்லை. "இது கௌதாரி றெக்கை" என்று ஒருவர் ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினார். "இல்லீங்க சார், கின்னிக்கோழிங்க. அந்தா மேயுது பாருங்க" என்று வாசலைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். நம் கின்னிக்கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. பார்த்துவிட்டுத் திரும்பி, காட்டுப்பறவையின் இறகு போலத் தோன்றுபவை என்று பறிமுதல் மகஜரில் எழுதச் சொன்னார். செத்துப்போயிருந்த மயில், சத்தத்துக்கு வைத்திருந்த பலகை, விசில், பொம்மைகள் எல்லாம் சாக்கில் போயின. அவர் கெட்ட மனிதர் இல்லை சாமி. எனக்கு உட்கார நாற்காலி எடுத்துப்போடச் சொன்னார். ஆனால் அவர் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதைத்தான் எழுதினார். அந்தப் பொம்மையை எவ்வளவு நிஜமாகத் தைத்தேனோ அவ்வளவுக்கு நம் பேச்சுப் பொய்யாகத் தோன்றியது. கேன்வாஸ் உருளையோடு நிறுத்தியிருந்தால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று விட்டிருப்பார்கள் என்று நம் வக்கீல் சொன்னார். இருக்கலாம். அதற்காக நான் தைத்ததைக் குற்றம் என்று நினைத்து அழப்போவதில்லை. நீயும் அப்படி நினைக்காதே.

உன்னை ஜீப்பில் ஏற்றியபோது டீசல் எழுந்து நிற்கப் பார்த்தது, பின்கால் மடங்கியது. நீ அதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஜீப் வளைவு திரும்பும்போதே அதன் வாயில் நுரை தள்ளிவிட்டது. மருந்து நாற்றம். நான் ஓஸ் பைப்பைப் பிடித்து அதன் வாயைக் கழுவினேன், கரி கரைத்து ஊற்றினேன். உன் அப்பா டெம்போவைக் கொண்டுவந்து, அதைத் தூக்கிப் பின்னால் போட்டார். நாமகிரிப்பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் அதன் தலை என் மடியில். கால்நடை டாக்டர் ஊசி போட்டார். "லேட்டுங்கம்மா" என்றார். மயிலைக் கவ்வி வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில், ஒரு பல் படாமல், அதன் அலகிலிருந்து வழிந்ததை எல்லாம் விழுங்கியிருக்கிறது. அங்கேயே முடிந்தது. திரும்பி வரும்போது உன் பெரியப்பா காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. விதைத்து வாரம்கூட ஆகாத காட்டை, வரப்போரமாக, மேலே கிடந்ததெல்லாம் உள்ளே போகும்படி மண்ணைப் புரட்டிப் புரட்டி உழுதுகொண்டிருந்தார். உன் அப்பா டெம்போவை நிறுத்தினார். இரண்டு அண்ணன் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் உன் அப்பா வண்டியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது. இன்றுவரைக்கும் அவ்வளவுதான்.

டீசலை வேலியோரம் புதைத்தோம். நீ ஜாமீனில் வந்து கேட்டபோது இடத்தை மட்டும் காட்டினேன். வக்கீல்தான் சொன்னார், நான் பார்த்த மருந்தும் டாக்டர் போட்ட ஊசியும் வெறும் வாய்ச்சொல்தான், நாயின் வயிற்றில் விஷம் இருந்தது என்று ஆய்வகம் சொன்னால் மயிலும் விஷத்தால்தான் விழுந்தது என்று காட்டலாம், வேட்டை இல்லை என்று ஆகிவிடும் என்று. நாமே மனு போட்டு நம் நாயைத் தோண்டி எடுக்கச் சொன்னோம். நீ அன்று வீட்டை விட்டு எங்கோ போய்விட்டாய். நான் நின்றேன். யாராவது நிற்க வேண்டுமே. எதையோ எடுத்துப் பாட்டிலில் போட்டு மெழுகு வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது: மாதிரி கெட்டுப்போயிருந்ததால் பரிசோதிக்க இயலவில்லை. மயிலின் மாதிரிக்கு இன்னும் பதிலே இல்லை. கின்னிக்கோழி இறகுக்கும் இல்லை. வீடியோ மட்டும் கெடாமல் இருக்கிறது.

உன் அப்பாவின் மேல் உனக்கு இருக்கிற கோபம் எனக்குத் தெரியும். ஒருதரம் கேட்டேன், "உங்கண்ணன் உழுததைப் பாத்தீங்களே, அதையாச்சும் சொல்லலாமில்லீங்க?" என்று. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "உழுதது குத்தமா? அவரு காடு, அவரு உழுதாரு. மருந்து வெச்சதை நான் பாத்தனா? பாக்காததைச் சொல்லி அண்ணனை உள்ள தள்ளீட்டு, ஒரே கெணத்துல எப்புடித் தண்ணி எறைக்கறது?" என்றார். கிணறு பொது, மோட்டார் பொது, கரண்ட் இணைப்பு பெரியப்பா பேரில். அவர் சொன்னது கோழைத்தனமாகத் தெரியும் உனக்கு. அதற்கப்புறம் அவர் ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை என்பதையும் தெரிந்துகொள். நானே ஒருநாள் பஸ் ஏறி வனத்துறை ஆபீசுக்குப் போனேன். என் மச்சாண்டார்தான், உன் பெரியப்பாதான், மருந்து வைத்தார் என்று சொன்னேன். அன்றைக்கு நாற்காலி போடச் சொன்ன அதே அதிகாரி, "நீங்க பாத்தீங்களாம்மா?" என்றார். "பாக்கலீங்க. ஆனா எல்லாருக்கும் தெரியுமுங்க" என்றேன். "எல்லாருக்கும் தெரியறது கேஸ்ல நிக்காதும்மா. பாத்தவங்க யாராச்சும் ஒருத்தர் வேணும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

பாஸ்போர்ட் கோர்ட்டில் இருந்தது. அயர்லாந்துக்காரர்கள் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மில்லிலும் உன்னை மறுபடி சேர்க்கவில்லை. ஜாமீன் நிபந்தனை தளர்ந்ததும் நீ ரிக் வண்டியில் ஏறினாய். ஏறும்போது, "அங்க நாயெல்லாம் இருக்காதும்மா" என்றாய். அது நிம்மதியா வருத்தமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. கல்யாணத்துக்கு முன்னால் உன் பெரியப்பா பத்திரிகையோடு வந்தார். அந்தச் சம்பவத்துக்கப்புறம் அன்றுதான் நம் வீட்டுக்குள் கால் வைத்தார். தட்டை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மிணி, பையனை வரச்சொல்லு. எம்புள்ளைக்குக் கூடப் பொறந்தவன்னு வேற யாரு இருக்கறா? அண்ணன் செய்யற சீரை அவந்தான் செய்யோணும்" என்றார். நான், "வரச்சொல்றனுங்க மாமா. நீங்க ஒருநாள் கோர்ட்டுக்கு வாங்க" என்றேன். உன் அப்பா தட்டைக் கீழே வைத்தார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது வேற, இது வேற" என்றார். எழுந்து போய்விட்டார்.

அவர் போன மறுநாள் சௌமியா வந்தாள், மதிய வெயிலில், செருப்புக்கூடப் போடாமல். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பூண்டு உரித்துக் கொடுத்தாள். அப்புறம் தலை நிமிராமல் சொன்னாள்: "சின்னம்மா, நான் பாத்தனுங்க. அதுக்கு மொதநா சாயங்காலம் மாட்டுச் சாளையில அப்பா கையில கவரைக் கட்டீட்டு மக்காச்சோளத்துல மருந்து பெசைஞ்சுட்டிருந்தாரு. என்னப்பான்னு கேட்டேன். எலிக்குன்னாரு. நானும் எலிக்குத்தான்னு நெனச்சேன். அடுத்தநாள் நீங்க டீசலைத் தூக்கீட்டுப் போறப்பத்தான் புரிஞ்சுது."

இத்தனை நாளும் பார்த்த ஒருத்தி வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். தினமும் என்னைப் பார்த்து, "சாப்டீங்களா சின்னம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "கோர்ட்டுல சொல்றியா கண்ணு?" என்று கேட்டேன். யோசித்தெல்லாம் கேட்கவில்லை. அவள் வாழ்க்கை என்ன ஆகும், பெரியப்பா என்ன ஆவார், எதையும் நினைக்கவில்லை. நீ அங்கே கிரீஸ் ஒட்டிய கையோடு சோறு தின்கிறாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அழுதாள். "சொல்றேன். கல்யாணம் மட்டும் முடியட்டுங்க. இப்பச் சொன்னா எல்லாம் நின்னுரும், அப்பா உசுரோட இருக்கமாட்டாரு. முடிஞ்ச பொறவு எனக்குன்னு ஒரு ஊடு இருக்கும். அங்கிருந்து வந்து சொல்றனுங்க. அண்ணனுக்காக இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுசி?" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை சாமி. அந்த நிமிடத்தில் அவள் முழு மனதோடுதான் சொன்னாள். அதை நீ நம்ப வேண்டும். நான் நம்பினேன். கல்யாணம் வரைக்கும் என் நடையே மாறிவிட்டது. உன் அப்பாகூட, "என்ன, நெம்ப உற்சாகமாத் திரியறே" என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பெரியப்பா வீட்டு வேலையை எல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தேன். மாப்பிள்ளை கெங்கவல்லிப் பக்கம், மாட்டுத்தீவன வியாபாரம். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். உன் இடத்தில் யாரோ தூரத்து உறவுப் பையன் நின்று அண்ணன் சீரைச் செய்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும்போது சௌமியா எல்லோர் காலிலும் விழுந்துவிட்டு, காரில் ஏறப்போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். எல்லோரும் அழுகிற நேரம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. "சின்னம்மா, அவருகிட்டக் கேட்டனுங்க" என்றாள். "கோர்ட்டுல வந்து சொல்லட்டுமான்னு மண்டபத்துலயே கேட்டுட்டேன். மறைச்சு வெச்சுட்டுப் போகக்கூடாதுன்னு கேட்டேன். 'உங்கப்பாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டு எங்க வீட்ல எப்படி இருப்ப? இந்தப் பேச்சு இதோட போதும்' அப்படின்னுட்டாரு." அவள் என் கையை விடவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். சரி என்றோ, பரவாயில்லை என்றோ, பாவி என்றோ. டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் போய் ஏறினாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் போய்ச் சாத்தினேன்.

இதுதான் செய்தி. இதை உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் என்றைக்காவது வேறு யாராவது வாய்வழியாக இது உன் காதுக்கு வந்து, அம்மாவுக்கும் தெரிந்திருந்ததா என்று நீ கேட்கும்படி ஆகக்கூடாது. சௌமியாவை வெறுக்காதே. அவள் பெயரை வக்கீலிடம் சொல்லி, சம்மன் அனுப்பிக் கூப்பிடலாமா என்று நீ நினைக்கலாம், நானும் நினைத்தேன். வக்கீலிடம் பெயர் சொல்லாமல் கேட்டும் பார்த்தேன். "வர விருப்பமில்லாத சாட்சி கூண்டுல ஏறி, நான் ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லீட்டா இருக்கறதும் போயிரும்" என்றார். அவள் அப்படிச் சொல்வாளா? தெரியாது. அந்த வீட்டில் கொஞ்சநாள் வாழ்ந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்வாள் என்றுதான் தோன்றுகிறது. நானும் ஒரு வீட்டுக்கு வந்து வாழ்ந்தவள்தானே.

போன வாய்தாவுக்கு நீ வரவில்லை. வக்கீல் ஏதோ மனு போட்டுச் சமாளித்தார். அடுத்த தடவையும் வராவிட்டால் பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள். உன்னோடு பேசுகிற ரிக் பையன்கள், இப்படியே வடக்கில் இருந்துவிடு, எவன் தேடப்போகிறான் என்று சொல்லித் தருவார்கள். கேட்காதே. உண்மை ஜெயிக்கும் என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வக்கீலுக்கும் இல்லை, முகத்திலேயே தெரிகிறது. ஆனால் நீ ஓடினால், அந்த வீடியோவில் இருப்பதுதான் நீ என்று ஆகிவிடும். நின்றால், தண்டனையே வந்தாலும், நீ வேறு என்பது எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருக்கும். அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பாய். தெரியவில்லை சாமி. வேறு ஒன்றும் இல்லாததால் இதைச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வாய்தா. புதன் காலையில் சேலத்தில் இறங்குகிற ரயிலைப் பிடி. வீட்டுக்கு வரப் பிடிக்காவிட்டால் வர வேண்டாம், நேராகக் கோர்ட்டுக்கே வந்துவிடு. உன் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தாலும் வேப்பமரத்தடியில் நின்றுவிடுவார். நீயாகப் போய் ஒரு வார்த்தை பேசு. மருந்து வைத்ததை நான் பார்க்கவில்லை, அதனால் என் சொல் சாட்சியாகாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே எனக்கு இடம் இல்லை. வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. உன் பேரைக் கூப்பிடும்போது திரும்பிப் பார். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா